முட்டி வலியா? முடங்க வேண்டாம்!

“முட்டிச் சில்லுல சுருக்கு சுருக்குன்னு குத்துதுங்க. மேட்டுல ஏறிடுறேன்; இறங்கறதுதான் பெரும்பாடு. உதிரிப்பழம் பொறுக்கக் குந்தினா எழுந்திரிக்க முடியல்ல.”

ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஓர் அம்மாள் நம்மிடம் இப்படிச் சொன்னார். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. ஆகவே இரவில் கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, காலையில் மறுபடியும் வெளிக்காட்டுக்குப் போகிறார். இது அவர் ஒருவர் கதை மட்டுமா?

இந்நாட்டின் ரப்பர்த் தோட்டத் தொழிலே மலாக்காவில் பிறந்ததுதான். 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் போட்டார். நம் பாட்டன் பாட்டிமார் தாழ்ந்த வெட்டுக்குக் குந்தியும், காண்டாவில் பால் வாளி சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கியும் காலந்தள்ளினார்கள். இன்று பால் மரம் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. ஆனால் குந்தி எழும் வேலை மட்டும் நம்மை விட்டபாடில்லை.

வலி ஏன் வருகிறது?

முட்டிச் சில்லு என்பது தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் சிறு எலும்பு. அதைப் பிடித்து இழுப்பது தொடையின் முன்பக்கச் சதை. காலை மடக்க மடக்க, சில்லு எலும்பின்மேல் அழுந்துகிறது. 1972-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கைப் பாருங்கள்: சமதரையில் நடக்கும்போது உடல் எடையில் பாதி, படி ஏறி இறங்கும்போது 3.3 மடங்கு, ஆழமாகக் குந்தி எழும்போது 7.8 மடங்கு! 60 கிலோ எடையுள்ள ஒருவர் குந்தி எழுந்தால் சில்லின்மேல் 460 கிலோவுக்கும் அதிகமான பாரம்.

இந்தப் பாரத்தைத் தாங்கித் தர வேண்டியவை தொடைச் சதையும் இடுப்புச் சதையும்தான். அவை தளர்ந்தால் முட்டி மாட்டிக்கொள்கிறது. தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும். சதைக்குப் பலம் தராது. படுத்தே கிடந்தாலோ சதை இன்னும் தளரும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் சேர்த்துப் பயிற்சி செய்வதே நல்ல வழி என்று அனைத்துலக நிபுணர்கள் 2018-இல் வெளியிட்ட கூட்டறிக்கையும் கூறுகிறது.

பாய் ஒன்று போதும்

1. காலை நீட்டி உட்காருங்கள். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை தொடையை இறுக்கிப் பிடித்து விடுங்கள்.

2. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொள்ளுங்கள். மற்றக் காலை நேராக ஓரடி உயரம் தூக்கி, மெதுவாக இறக்குங்கள்.

3. ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டியபடி தூக்கி இறக்குங்கள். இது இடுப்புக்கு.

4. மல்லாந்து இரு காலையும் மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குங்கள்.

5. வலி தணிந்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருங்கள்.

ஒவ்வொன்றும் பத்துத் தடவை. மொத்தம் கால் மணி நேரம். இலேசான வலி இருந்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நாலு நாள் செய்துவிட்டு “ஒண்ணும் கேக்கல” என்று விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு வாரம் ஆகலாம். சிலருக்கு மூன்று மாதமும் ஆகலாம். வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்துக்கும் பயிற்சி நல்லதே.

ஆனால் முட்டி வீங்கிச் சிவந்து காய்ச்சல் கண்டாலும், கால் மடக்க நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலும், விழுந்து ஊன்ற முடியாமற் போனாலும் உடனே அரசாங்கக் கிளினிக்கிற்குப் போக வேண்டும். பிசியோதெரபி பற்றியும் அங்கே கேளுங்கள். வேலையில் அடிபட்டிருந்தால் சொக்சோவுக்குத் தெரிவிக்க மறக்காதீர்கள். 2014-இல் திறக்கப்பட்ட சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் நம் மலாக்காவில்தான் இருக்கிறது!

வேலையிடத்திலும் வாய் திறக்க வேண்டும். நீண்ட பிடியுள்ள வாருகோல் இருந்தால் உதிரிப்பழத்தைக் குவித்துக்கொள்ளலாம். குந்தும் தடவை குறையும். மண்டோரிடம் கேட்பதில் வெட்கம் எதற்கு?

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு சொல். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், “வயசாயிடுச்சு” என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். இன்று இரவே பாயை விரித்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். குடும்பத்தைத் தாங்கும் கால்கள் அவை!