ஒரு நிமிட வெள்ளை

விருத்தாசலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வயது முப்பத்தெட்டு. பீங்கான் கம்பெனியில் கிளேஸ் முக்கும் வேலை. சர்க்கரையும் பிரஷரும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவரை, கருப்பை வாயையும் பார்த்துவிடலாம் வாங்க என்று நர்ஸ் கூப்பிட்டிருக்கிறார். "புளிச்ச வாடை அடிக்கிற ஏதோ தண்ணியப் பஞ்சுல தொட்டு வச்சாங்க. ஒரு நிமிஷம் பொறுத்து லைட் அடிச்சுப் பார்த்தாங்க. ஒண்ணுமில்ல, போம்மான்னு அனுப்பிட்டாங்க. கேன்சர் டெஸ்டுன்னா இவ்வளவுதானா? ரத்தத்துலயே அம்பது வகை கேன்சரக் கண்டுபிடிக்கிறாங்களாமே, கடன ஒடன வாங்கி அதப் பண்ணிக்கலாமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது: வேண்டாம். அந்த ரத்தப் பரிசோதனைகளில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் ‘கேலரி’. மடிகிற செல்கள் ரத்தத்தில் உதிர்க்கும் டிஎன்ஏ துணுக்குகளில் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளைப் படித்து, புற்றுநோய் உண்டா, உண்டென்றால் எந்த உறுப்பில் என்று அது ஊகிக்கிறது. கெட்டிக்கார வேலைதான். ஆனால் 2021இல் வெளியான அதன் சொந்த ஆய்விலேயே, நான்காம் கட்டத்துக்கு முற்றிய நோயாளிகளில் நூற்றுக்கு 90 பேரைப் பிடித்த அந்தச் சோதனை, முதல் கட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 17 பேரைத்தான் பிடித்தது. நான்காம் கட்டத்தைக் கண்டுபிடிக்க ஆயிரம் டாலரை நெருங்கும் ரத்தப் பரிசோதனை எதற்கு? வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிந்துவிடுமே.

முதல் கேள்விதான் ருசியானது. அந்தப் புளிச்ச தண்ணீர், நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு அசெட்டிக் அமிலம். ஃப்ரைட் ரைஸ் கடை மேஜையில் இருக்கும் வினிகரின் காட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதை வைத்துப் புற்றுநோயைப் பார்க்கிறார்கள் என்றால் ஏமாற்று வேலை போலத்தான் தோன்றும்.

கருப்பை வாயின் வெளிப்பக்கத்தை மூடியிருக்கும் படலத்துக்குச் சொந்த நிறம் கிடையாது. தட்டையான செல்கள் அடுக்கடுக்காக அமைந்த, ஒளி புகும் படலம் அது. உள்ளே போகும் ஒளி அடியிலுள்ள ரத்தக் குழாய்கள்வரை சென்று திரும்புகிறது. நாம் காணும் இளஞ்சிவப்பு அந்த ரத்தத்துடையது. அடியில் பிறக்கும் செல்கள் மேலே நகர நகரத் தட்டையாகி, உட்கரு சுருங்கி, பெருகுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது இங்கே விதி. பாப்பிலோமா வைரஸ் ஆண்டுக்கணக்கில் குடியிருந்துவிட்ட இடத்தில் அதன் இரண்டு புரதங்கள் இந்த விதியை முடக்கிவிடுகின்றன. பருத்த உட்கருவோடு நெருக்கியடித்து நிற்கும் செல்கள் அடியிலிருந்து உச்சிவரை நிறைகின்றன. இது இன்னும் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும், பல சமயம் மாறாமலே போய்விடும். ஆனால் வெறும் கண்ணுக்கு நல்ல இடமும் இந்த இடமும் ஒன்றுபோலவே சிவப்பு.

அமிலம் பட்டதும் உட்கருவுக்குள் இருக்கும் புரதங்கள் திரள்கின்றன, செல்லிலிருந்து நீர் வெளியேறுகிறது. அதுவரை நேராகப் போய்க்கொண்டிருந்த ஒளி ஒவ்வொரு திரளிலும் மோதிச் சிதறி, அடிவரை போகாமல் மேலிருந்தே திரும்பிவிடுகிறது. எல்லா நிறமும் கலந்து திரும்புவதால் பார்ப்பவருக்கு வெள்ளை. நல்ல செல்லில் உட்கரு சிறியது, திரட்ட அங்கே சரக்கில்லை. அதனால் அது சிவப்பாகவே இருக்கிறது. அமிலம் எதற்கும் சாயம் ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கிளேஸ் முக்குகிறவருக்கு இதைச் சொல்வது சுலபம். செம்மண் சட்டியில் தெளிந்த கிளேஸ் போட்டுச் சுட்டால் மண்ணின் சிவப்பு அப்படியே தெரியும். அதே கிளேஸில் சிர்க்கான் மாவைக் கலந்து சுட்டால் சட்டி வெள்ளை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிறார்களே, அதே சிர்க்கான்தான். உருகிய கண்ணாடியில் கரையாமல் நிற்கும் அதன் நுண்துகள்கள் ஒளியைக் கண்ணாடியைவிடக் கூடுதலாக வளைப்பவை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 அளவில் என்றால் சிர்க்கானுக்கு ஏறக்குறைய 2. அந்த வித்தியாசத்தில்தான் ஒளி சிதறுகிறது, அடியிலுள்ள செம்மண்ணை எட்டாமலே திரும்புகிறது. திரண்ட புரதம் சிர்க்கான், மிச்சமுள்ள செல் கண்ணாடி, ரத்தக் குழாய்கள் செம்மண். துகள் கூடக்கூட வெள்ளை கெட்டியாகும். அதனால்தான் முற்றிய திட்டு பளிச்சென்றும் இளந்திட்டு மங்கலாகவும் தெரிகின்றன.

உவமையை இதோடு விட மனம் வரவில்லை. கிளேஸ் சரியாக உட்காராத கோப்பையில் மயிரிழை விரிசல்கள் வலைபோல ஓடுமே, அதேபோல வெள்ளைத் திட்டுக்குள் ரத்தக் குழாய்கள் கட்டம்கட்டமாகத் தெரிவதுண்டு. கால்போஸ்கோப் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மொசைக். சாட்சாத் தரைக்குப் போடும் மொசைக்தான். சூளைச் சரக்கைத் தரம் பிரிப்பவர் கறையின் ஓரத்தைப் பார்ப்பதுபோல நர்ஸும் ஓரத்தைத்தான் பார்க்கிறார், எல்லை தீர்க்கமாக இருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்று. இதற்குமேல் இழுத்தால் உடைந்துவிடும். ஆயிரத்து இருநூறு டிகிரியில் வெளுத்த சட்டி உடையும்வரை வெள்ளை. இந்த வெள்ளையோ சில நிமிடங்களில் கலைந்துவிடும், திரண்ட புரதம் மறுபடி பிரிந்துவிடுவதால். அந்தக் கலைதலும் ஒரு துப்பு. புண்ணாலோ சாதாரணமாக உருமாறிவரும் செல்களாலோ வந்த வெள்ளை மெல்லியதாக வந்து சீக்கிரம் போகும், கெட்டது நின்று நிதானித்துப் போகும். நர்ஸ் ஒரு நிமிடம் பொறுத்தது சும்மா இல்லை.

சில இடங்களில் அடுத்ததாக அயோடினும் தடவுவார்கள். மாவுப்பொருளில் அயோடின் நீலமாவது பள்ளிக்கூடப் பாடம். நல்ல செல்லில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜனில் அது கரும்பழுப்பாகும். ஓயாமல் பெருகும் செல்லிடம் சேமிப்பு ஏது? அந்த இடம் கடுகு மஞ்சளாக நின்றுவிடும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. கருப்பை வாயில் அமிலம் தடவிப் பெரிதாக்கிப் பார்க்கும் முறை ஹாம்பர்க்கின் ஹான்ஸ் ஹின்செல்மானிடம் தொடங்குகிறது. பின்னாளில் ஆஷ்விட்ஸ் முகாமில் பெண்கள் மீது நடந்த சோதனைகளின் திசுக்கள் இவரிடம் போயின என்பதால் மருத்துவ நூல்கள் இவர் பெயரைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கின்றன. அயோடின் முறை வியன்னாவின் வால்டர் ஷில்லருடையது. பிறகு, செல்களைச் சுரண்டியெடுத்து ஆராயும் பாப்பனிகொலாவின் ‘பாப் ஸ்மியர்’ வந்து இரண்டையும் ஓரங்கட்டியது. ஆனால் அதற்கு நுண்ணோக்கி, சாயம், பயிற்சி பெற்ற கண்கள், சில வாரக் காத்திருப்பு எல்லாம் வேண்டும். அவை இல்லாத நாடுகள் வினிகருக்குத் திரும்பின. கிராம சுகாதார செவிலியருக்குப் பயிற்சி கொடுத்தால் கருப்பை வாயைப் பரிசோதிக்க முடியும் என்று அடையாறு புற்றுநோய் நிலையம் 1996இலேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறது.

வெளுக்கிறது சரி, உயிரைக் காப்பாற்றுகிறதா? பரிசோதனை நோயைக் கண்டுபிடித்துவிட்டது என்பதும் பரிசோதனையால் சாவு குறைந்தது என்பதும் வேறு வேறு. விளம்பரங்கள் முதலாவதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். இரண்டாவதை அளந்து பார்த்தது திண்டுக்கல் மாவட்டத்தில். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையின் கிறித்தவ மருத்துவ மையமும், அடையாறு நிலையமும், பிரான்ஸின் லியோனில் உள்ள உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 114 ஊர்த் தொகுதிகளைச் சீட்டுக் குலுக்கிப் பாதியாகப் பிரித்தன. ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுவரை 49,311 பெண்கள். அவர்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை, நர்ஸ் கையால் வினிகர்ச் சோதனை. மறுபாதியில் 30,958 பெண்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒருமுறை தடவியதற்கு இது பெரிய பலன்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு எண்கள். அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 63.6 சதவீதம்தான். புற்றுநோய்க்கு முந்தைய திட்டு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம். உறையவைத்து அழிக்கும் சிகிச்சையை அங்கேயே நர்ஸ் கையாலேயே கொடுக்க ஏற்பாடு இருந்தும் இவ்வளவுதான். ஆய்வு முடிந்து அரசுத் திட்டமாகும்போது அந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. விருத்தாசலத்தில் வெள்ளை தெரிந்த ஒரு பெண்ணுக்கு அடுத்து பெரிய ஆஸ்பத்திரி, திசுப் பரிசோதனை, ரிசல்ட் வாங்க இன்னொரு நடை, வேண்டியிருந்தால் புதுச்சேரி ஜிப்மர். ஒவ்வொன்றும் ஒருநாள் கூலி. வீட்டில் சொல்லத் தயக்கம் வேறு. வினிகரை உலகத்தரம் என்று புகழ்ந்து அறிக்கை விடுபவர்கள், வெள்ளை தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சைவரை போய்ச் சேர்ந்தார்கள் என்ற ஒரு எண்ணை மட்டும் சேர்த்து வெளியிட்டால் போதும்.

திண்டுக்கல் ஆய்வுக்கு ஒரு கசப்பும் உண்டு. அங்கும், மகாராஷ்டிரத்தின் ஒஸ்மானாபாத்திலும், மும்பைக் குடிசைப் பகுதிகளிலும் பரிசோதனை இல்லாத பிரிவுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த பெண்கள் மொத்தம் 254 பேர். பாப் ஸ்மியர் பல பத்தாண்டுகளாக இருக்கும்போது ஒரு பிரிவை வெறுமனே விட்டது நியாயமா என்ற கேள்வி 2014இல் பலமாக எழுந்தது. ஆய்வாளர்கள் தந்த பதில், அந்த ஊர்களில் வழக்கமாகக் கிடைத்ததும் ஒன்றுமில்லாததுதானே என்பது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

ஒஸ்மானாபாத் ஆய்வு வினிகர்ப் பிரியர்களுக்கு உவப்பானதல்ல. 1,31,746 பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான அந்த ஆய்வில், வைரஸின் டிஎன்ஏவை நேரடியாகத் தேடும் எச்பிவி சோதனை சாவை ஏறத்தாழப் பாதியாக்கியது. வினிகரால் குறிப்பிடும்படியான பலன் அங்கே தெரியவில்லை. அமிலம் அதே அமிலம்தான், மாறுவது பார்க்கும் கண். நர்ஸின் பயிற்சி, விளக்கின் வெளிச்சம், அன்றைக்கு வரிசையில் எத்தனை பேர் என்பதெல்லாம் விடையில் கலந்துவிடுகின்றன. எச்பிவி சோதனையைத்தான் உலக சுகாதார நிறுவனமும் 2021 முதல் முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. பஞ்சுக்குச்சியால் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. விலை இறங்கி அது வரட்டும். ஆனால் வைரஸ் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் யாராவது லைட் அடித்துப் பார்த்து, கருக்க வேண்டிய இடத்தைக் கருக்கத்தான் வேண்டும். செல்போன் படத்தை வைத்துச் செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும் என்பவர்களிடமும் இதையே கேளுங்கள்: சொன்ன பிறகு?

தமிழ்நாட்டில் 2007இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் பார்த்துவிட்டு 2012 முதல் மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை நடக்கிறது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் சோதித்துக்கொண்டதாகச் சொன்னவர்கள் இங்கே பத்தில் ஒருவர் அளவுதான். இந்தியா முழுமைக்கும் நூற்றில் இரண்டு பேர்கூட இல்லை, அதனால் நாம்தான் முதலிடம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆக, நம் வாசகி சிறுபான்மையினர். அவருக்குச் சொன்ன ‘ஒண்ணுமில்ல’ ஆயுள் முழுக்கச் செல்லாது. அரசு வழிகாட்டுதல்படி ஐந்து ஆண்டு கழித்து மறுபடி போக வேண்டும்.

பீங்கான் ஊர்க்காரர்களுக்குத் தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. படிகச் சிலிக்கா தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று லியோன் முகமை 1997இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அதற்காக ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டிப் பிடிக்கலாம் என்று நினைத்தால், அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு அதனால் சாவு குறையவில்லை என்கிறது. சிலிக்கோசிஸுக்கும் காசநோய்க்கும் எக்ஸ்ரே வேண்டும், அது வேறு கணக்கு. புற்றுநோயைப் பொறுத்தவரை தூசியை ஈரமாக்கி அடக்குவதும், உறிஞ்சி வெளியேற்றுவதும் முதலாளி செய்ய வேண்டிய வேலை.

கருப்பை வாய்ச் சோதனையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கெட்ட செல்கள் உருவாவது இரண்டு வகைப் படலங்கள் சந்திக்கும் எல்லையில். மாதவிடாய் நின்ற பிறகு அந்த எல்லை கருப்பை வாயின் குழாய்க்குள் ஏறிவிடும், அமிலம் தடவினாலும் கண்ணுக்குப் படாது. அதனால் ஐம்பது தாண்டியவரிடம் வினிகர் சொல்லும் ‘ஒண்ணுமில்ல’வுக்கு மதிப்பு குறைவு. தவிர, இந்தச் சோதனை எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உடலுறவுக்குப் பின் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும், போன வருடம் எல்லாம் சரி என்று சீட்டு கொடுத்திருந்தாலும், அந்த வாரமே அரசு மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்குப் போய்த் திசு எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.