சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது!

கம்ப்யூட்டரில் ஒரு வசதி அடியோடு இயங்காவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். சில நேரம் இயங்கி, சில நேரம் முரண்டு பிடித்தால்தான் தலைவலி.

மரக்காணத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் உப்பு வாருவது நின்றுவிடும். அப்போது உப்பளத் தொழிலாளர்கள் நிவாரணம் கேட்டு மனு டைப் செய்ய இவரிடம்தான் வருவார்கள். இதற்காகக் குரோம் பிரவுசரில் ஒரு தமிழ் டைப்பிங் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தார். அது திடீர் திடீரென ஆங்கிலத்துக்கு மாறியது. இன்டர்நெட் சரியில்லை என்றார். கீபோர்டையும் மாற்றிப் பார்த்தார். பலனில்லை. மனு கொடுக்கக் கடைசி நாள் நெருங்கவே, என்னை அழைத்தார்.

முதலில் ஒரு நோட்டில் எப்போது மாறுகிறது, அதற்குச் சற்று முன் என்ன செய்தார் என்று குறிக்கச் சொன்னேன். ஒரே நாளில் விஷயம் புரிந்தது. தொடர்ந்து டைப் செய்தால் கோளாறே இல்லை. எதிரே இருப்பவர் விவரம் சொல்ல, இவர் கை நிறுத்திக் கேட்டுவிட்டு மீண்டும் தொடங்கும்போதுதான் ஆங்கிலம் வந்தது. கடிகாரம் வைத்துச் சோதித்தோம். 10 விநாடி நிறுத்தினால் தமிழ். 1 நிமிடம் நிறுத்தினால் ஆங்கிலம். ஐந்து முறையும் இதே கதை!

காரணம் இதுதான். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல் ‘மேனிஃபெஸ்ட் வி3’ என்ற புதிய விதிமுறை அறிமுகமானது. இதன்படி, எக்ஸ்டென்ஷனின் பின்னணி நிரல் 30 விநாடி வேலையின்றி இருந்தால் பிரவுசர் அதை நிறுத்திவிடும். மெமரியை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. நிரல் மீண்டும் விழிக்கும்போது, தற்காலிக நினைவில் வைத்திருந்த ‘தமிழ் ஆன்’ என்ற குறிப்பு காணாமல் போயிருக்கும். அதை ஸ்டோரேஜில் எழுதி வைத்திருந்தால் பிரச்னை வராது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோளாறைப் பார்க்க அந்த நிரலின் ‘இன்ஸ்பெக்ட்’ விண்டோவைத் திறந்தால், அது மூடப்படும் வரை நிரல் தூங்காது. கோளாறும் வராது!

எக்ஸ்டென்ஷனை எழுதியவருக்கு இந்தச் சோதனை விவரத்தை அனுப்பினோம். பதிலுக்குக் காத்திராமல், விண்டோஸிலேயே உள்ள தமிழ் போனடிக் கீபோர்டைச் சேர்த்துக் கொடுத்தேன். மனுக்கள் தாமதமின்றித் தயாராயின.

உங்கள் எக்ஸ்டென்ஷனும் இப்படிப் படுத்தினால் இவற்றைச் சோதியுங்கள்:

1. புதிதாகப் பதிந்தவுடன், ஏற்கெனவே திறந்திருந்த பக்கங்களை ரீலோட் செய்யுங்கள்.

2. இன்காக்னிட்டோ விண்டோவில், நீங்கள் அனுமதி தந்தால்தான் எக்ஸ்டென்ஷன் இயங்கும்.

3. ‘சைட் அக்சஸ்’ பகுதியில் ‘ஆன் கிளிக்’ என்று இருந்தால், ஐகானைக் கிளிக் செய்த பிறகே வேலை செய்யும்.

4. மற்ற எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும்.