இணைய உலாவலில் பின்தொடர்தலும் அதன் தடுப்பும்: முன்னிருப்பு அமைவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தில் உலாவும் பயனரின் செயல்களைப் பதிவு செய்து, பல தளங்களுக்கிடையே அவற்றைத் தொடர்புபடுத்தும் நுட்பங்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவற்றைக் கட்டுப்படுத்த எடுக்கப்பட்ட முயற்சிகளுள் சில நிலைபெற்றன, சில கைவிடப்பட்டன. இவ்வேறுபாடு கருவியின் திறனை மட்டும் பொறுத்ததன்று. உலாவியின் முன்னிருப்பு அமைவைத் தீர்மானிப்பவர் யார், பயனரின் மறுப்பை ஏற்கும் கடப்பாடு எவருக்கு உண்டு என்னும் இரு வினாக்களைப் பொறுத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குக்கி, மூன்றாம் தரப்பு, உலாவிக் கைரேகை, முன்னிருப்பு அமைவு, ஒப்புதல், தனியுரிமை

முன்னுரை

வாசகர் எந்த நூலை எடுத்துப் படித்தார் என்பதைப் பிறருக்கு வெளியிடாதிருத்தல் நூலகப் பணியின் அறங்களுள் ஒன்று. அதே நூலை இணையத்தில் படிப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இயல்பாகக் கிடைப்பதில்லை. கல்விசார் பதிப்பு நிறுவனங்களின் தளங்களில் ஆய்வாளர்களின் பயன்பாட்டுத் தரவுகள் திரட்டப்படுவது குறித்து ஜெர்மன் ஆய்வு அறக்கட்டளை 2021ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டு எச்சரித்தது. நோய், சமயம், அரசியல் போன்ற பொருள்களில் ஆய்வு செய்வோரின் தேடல்கள் அவர்களின் சொந்த வாழ்வைப் பற்றிய தரவுகளாகத் தவறாகக் கொள்ளப்படவும் கூடும். எனவே பின்தொடர்தல் எவ்வாறு நிகழ்கிறது, அதனை எந்த அளவிற்குக் குறைக்க இயலும் என்பதை அறிதல் ஆய்வுலகிற்கும் தேவையாகிறது.

குக்கியின் தோற்றமும் திரிபும்

வலைப்பக்கங்களைப் பரிமாறும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையையும் அது புதிய கோரிக்கையாகவே கொள்ளும். இக்குறையைப் போக்க நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோண்டுல்லி 1994இல் குக்கியை உருவாக்கினார். தளம் அனுப்பும் சிறு குறிப்பை உலாவி சேமித்துவைத்து, அடுத்த முறை அத்தளத்திற்கே திருப்பி அனுப்பும். பயனர் உள்நுழைந்த நிலையும், வணிகத் தளத்தில் தெரிவு செய்த பொருள்களும் இதனாலேயே நினைவில் நிற்கின்றன.

ஒரு செய்தித்தளத்தின் பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் விளம்பரம் இடம்பெறும்போது, உலாவி அந்நிறுவனத்தின் வழங்கியையும் தொடர்பு கொள்கிறது. அவ்வழங்கி இடும் குறிப்பே மூன்றாம் தரப்புக் குக்கி. அதே விளம்பர நிறுவனம் நூறு தளங்களில் இடம்பெற்றிருப்பின், நூறு தளங்களிலும் ஒரே பயனரை அது இனங்காண முடியும். ஒரு தளத்திற்குள் நினைவாற்றலாகப் பயன்பட்ட நுட்பம் இவ்வாறு பல தளங்களுக்கிடையேயான கண்காணிப்பாயிற்று.

இத்திரிபு தொடக்கத்திலேயே உணரப்பட்டது. 1997 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109 என்னும் குக்கி பற்றிய முதல் தர ஆவணம், மூன்றாம் தரப்புக் குக்கிகளை முன்னிருப்பாக ஏற்கலாகாது என்றது. ஆயினும் அக்காலத்தின் முதன்மை உலாவிகளான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதனைப் பின்பற்றவில்லை.

வேண்டுகோளின் தோல்வி

2009இல் ‘பின்தொடராதே’ என்னும் குறிகை முன்மொழியப்பட்டது. உலாவி தன் ஒவ்வொரு கோரிக்கையுடனும் ‘1’ என்ற இலக்கத்தை அனுப்பிப் பயனரின் விருப்பமின்மையைத் தெரிவிக்கும். பயர்பாக்ஸ் 2011இல் இதனை ஏற்றது. இதற்கான பொதுத் தரத்தை வகுக்க உலகளாவிய வலைக் கூட்டமைப்பும் அதே ஆண்டில் பணிக்குழு ஒன்றை அமைத்தது.

2012இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10 உலாவியில் இக்குறிகையை முன்னிருப்பாகவே இயக்கிவைத்தது. பயனர் தாமே தெரிவு செய்யாத குறிகை அவரது விருப்பம் ஆகாது என்று விளம்பரத் துறை வாதிட்டது. தெரிவு செய்பவர் சிலராக இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளப்பட்ட மறுப்பு, பலருடையதாக மாறும் நிலையில் ஏற்க இயலாததாயிற்று என்பது இங்கு நோக்கத்தக்கது. மேலும், குறிகையைப் பெறும் தளம் அதற்கு இணங்கியாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. 2019 ஜனவரியில் பணிக்குழு கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆப்பிள் தன் சஃபாரி உலாவியிலிருந்தும், 2025இல் மொசில்லா பயர்பாக்ஸிலிருந்தும் அக்குறிகையை நீக்கின. அக்குறிகையே பயனரை இனங்காட்டும் கூடுதல் அடையாளமாகப் பயன்படக்கூடும் என்பது ஆப்பிள் கூறிய காரணம்.

கைரேகையும் மொழியும்

உலாவியின் பதிப்பு, திரையின் அளவு, நேர வலயம், நிறுவப்பட்ட எழுத்துருக்கள், மொழி விருப்பம் ஆகியவற்றை ஒருங்கிணைத்துப் பயனரை இனங்காணும் முறை உலாவிக் கைரேகை எனப்படும். குக்கியை அழிப்பதால் இது மறைவதில்லை. மின்னணு எல்லை அறக்கட்டளை 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட உலாவிகளுள் 83.6 விழுக்காடு தனித்த கைரேகை உடையனவாக இருந்தன. அச்சோதனைக்கு உட்பட்டோர் தாமாக முன்வந்தவர்கள் என்பதால் அவ்விழுக்காட்டை எல்லாப் பயனர்க்கும் பொதுவாகக் கொள்ள இயலாது. எனினும், இம்முறையின் ஆற்றலை அது தெளிவாகப் புலப்படுத்தியது.

கைரேகையிலிருந்து தப்பும் வழி பிறரை ஒத்திருத்தலே. தோர் உலாவி தன் பயனர் அனைவரையும் ஒரே தோற்றத்தில் காட்ட முயல்வது இக்கொள்கையினாலேயாகும். பிரேவ் உலாவி சில மதிப்புகளைத் தளத்திற்குத் தளம் மாற்றிக் காட்டும் வேறொரு வழியைக் கையாளுகிறது. இங்கே தமிழ்ப் பயனருக்குரிய சிக்கல் ஒன்று எழுகிறது. உலாவியின் மொழி விருப்பமாகத் தமிழைத் தெரிவு செய்து, தமிழ் எழுத்துருக்கள் பலவற்றை நிறுவியிருப்பவர், உலகப் பயனர் திரளில் சிறு குழுவினுள் அடங்கிவிடுகிறார். அவரை இனங்காணல் எளிதாகிறது. தோர் உலாவியும் பிறமொழிப் பயனர்களிடம், தனியுரிமைக்காகப் பக்கங்களை ஆங்கிலத்தில் கோரும் வாய்ப்பை முன்வைக்கிறது. தன் மொழியில் படிப்பதற்கான விலை தனியுரிமை இழப்பாக அமைவது நுட்பம் மட்டும் தீர்த்துவிடக்கூடிய சிக்கலன்று.

தடுப்பு நிலைகள்

இன்று பயனர் மேற்கொள்ளத்தக்க தடுப்புகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, உலாவித் தெரிவு. பயர்பாக்ஸ் 2019 செப்டம்பர் முதல் அறியப்பட்ட பின்தொடர்வோரின் குக்கிகளை முன்னிருப்பாகத் தடுக்கிறது. 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனியே பிரித்து வைக்கிறது. சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகள் அனைத்தையும் தடுக்கிறது. குரோம் உலாவியிலிருந்து அவற்றை நீக்குவதாகக் கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பலமுறை தள்ளிவைத்தபின் 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. எனவே குரோம் பயனர் அமைவுப் பக்கத்திற்குச் சென்று தாமே அவற்றைத் தடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, யூபிளாக் ஆரிஜின், பிரைவசி பேட்ஜர் போன்ற நீட்டிப்புகள். இவை பின்தொடரும் வழங்கிகளுக்குச் செல்லும் கோரிக்கைகளையே நிறுத்திவிடுவதால் குக்கித் தடுப்பினும் ஆழமானவை. ஆனால் நீட்டிப்புகளை அளவின்றிச் சேர்ப்பதும் கைரேகையைத் தனித்துவமாக்கக் கூடும்.

மூன்றாவது, உள்நுழைவைக் கட்டுப்படுத்தல். ஒரு தளத்தில் உள்நுழைந்தபின் அங்கு நிகழ்வனவற்றை அத்தளம் அறிவதை எந்த உலாவியும் தடுக்க இயலாது. தேடலுக்கும் மின்னஞ்சலுக்கும் தனித்தனி உலாவிகளைப் பயன்படுத்துதல் இத்தொடர்பை ஓரளவு அறுக்கும். மறைநிலைச் சாளரமோ உலாவல் வரலாற்றைக் கணினியில் சேமிக்காமல் விடுகிறதேயன்றி, தளங்களின் பார்வையிலிருந்து பயனரை மறைப்பதில்லை.

நான்காவது, சட்ட வலிமை பெற்ற குறிகை. 2020இல் அறிமுகமான ‘உலகளாவிய தனியுரிமைக் கட்டுப்பாடு’ வடிவில் ‘பின்தொடராதே’ குறிகையை ஒத்ததே. ஆயினும் கலிஃபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் அதற்கு இணங்குவதைக் கடமையாக்கியது. இத்தகைய குறிகையை மதிக்கவில்லை என்பதும் குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக இருந்த வழக்கில், செஃபோரா நிறுவனம் 2022 ஆகஸ்டில் 12 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

ஒப்புதலின் தரம்

முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டம் ஒப்புதலாகாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பது போல் மறுப்பதும் எளிதாக இருத்தல் வேண்டும் என்ற அடிப்படையில், பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் தடையற்றதாகவும் தெளிவான செயலால் வெளிப்படுத்தப்படுவதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது.

முடிவுரை

1997இல் ஆவணம் பரிந்துரைத்த முன்னிருப்பு, சஃபாரியில் முழுமையாக நடைமுறைக்கு வர 23 ஆண்டுகள் ஆயின. வடிவில் ஒத்த இரு குறிகைகளுள் சட்டத்தின் துணையற்றது மறைந்தது; துணை பெற்றது நிற்கிறது. தனிப்பயனரின் விழிப்புணர்வு பயனுடையதே. எனினும் தனித்து மறுப்பவர் அம்மறுப்பாலேயே அடையாளம் காணப்படும் சூழலில், அனைவருக்கும் பொதுவான முன்னிருப்பே உறுதியான காப்பாகும். கல்வி நிறுவனங்கள் தம் நூலகக் கணினிகளின் உலாவி அமைவுகளை முறைப்படுத்துவதும், இதழ்த் தொகுப்புகளுக்கான ஒப்பந்தங்களில் வாசகர் தரவு பற்றிய விதிகளைச் சேர்ப்பதும் இத்திசையில் உடனே இயலக்கூடிய செயல்களாகும்.