பட்டன் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கும் தெரியட்டும்



குழு ஆரம்பித்த நாட்களில் நாம் முதலில் கற்றுக்கொண்டது என்ன? கையெழுத்துப் போடுவது, பாஸ்புக்கை வாசித்துப் பார்ப்பது, வங்கிப் படியேறி மேனேஜரிடம் பயமில்லாமல் பேசுவது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில் இதுவே பெரிய விஷயம்.

இன்றைக்கு நம்ம பிள்ளைகள் வங்கிப் படியே ஏறாமல் பணம் அனுப்புகிறார்கள். நாளைக்கு அவர்கள் ஒரு ரூபாய் நோட்டைக்கூடத் தொடாமல் சம்பளம் வாங்கி, செலவு செய்து, கடன் வாங்கி, தவணையும் கட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் இப்போதே என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வீட்டில் இப்போது நடப்பது

குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "எனக்குப் போன்ல ஒண்ணும் தெரியாது மேடம், எல்லாம் பையன்தான் பார்த்துக்கிறான்." அரசு உதவிப் பணம் வந்துச்சா என்று பார்ப்பது மகள். கரண்ட் பில் கட்டுவது மகன். மளிகைக் கடையில் ஸ்கேன் பண்ணுவது ஏழாவது படிக்கும் பிள்ளை. அம்மாவின் ரகசிய எண் அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம், அம்மாவுக்குத்தான் சில நேரம் மறந்துபோகும்!

எந்தப் பட்டனை அழுத்தினால் பணம் போகும் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, அடுத்த வாரம் எதற்கு வேண்டும், எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அம்மாவுக்கோ கணக்கு நன்றாகத் தெரியும். சந்தா எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று நோட்டைப் பார்க்காமலேயே சொல்வார். பட்டன்தான் தெரியாது.

ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், வீட்டில் பாதிப் பிரச்சினை தீரும்.

முன்னெல்லாம் ஐம்பது ரூபாயைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைப் பிள்ளை கையில் எண்ணிக்கொண்டு வரும். பணம் குறைவதைக் கண்ணால் பார்த்தது. பள்ளியில் சஞ்சாயிகா சேமிப்பு அட்டை வைத்திருந்த சகோதரிகளும் நம்மில் இருக்கிறார்கள். இப்போது "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத பணத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற கணக்கு ஒன்று வேண்டும்.

பிள்ளை பெயரில் கணக்கு: விதி என்ன சொல்கிறது?

இதுபற்றி ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் மாதம் திருத்திய விதிகளை வெளியிட்டது. அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

* எந்த வயதுக் குழந்தைக்கும் காப்பாளர் மூலமாகச் சேமிப்புக் கணக்கோ, வைப்புக் கணக்கோ தொடங்கலாம். அம்மாவும் காப்பாளராக இருக்கலாம். "அப்பா வந்தால்தான் முடியும்" என்று யாராவது சொன்னால், "ரிசர்வ் வங்கி விதியில் அம்மாவும் காப்பாளர்தானே சார்" என்று தைரியமாகக் கேளுங்க. கணவர் வெளியூரில் இருக்கும் பெண்களுக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களுக்கும் இது மிக முக்கியம்.

* 10 வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் தானே கணக்குத் தொடங்கி, தானே நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம். எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும்.

* ஏ.டி.எம். கார்டு, செக் புத்தகம், இணைய வங்கி வசதி தருவதும் தராததும் வங்கியின் முடிவு.

* பிள்ளையின் கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க முடியாது. அதாவது அந்தக் கணக்கு கடனில் போகக் கூடாது.

* 18 வயது ஆனதும் புதிதாகக் கையெழுத்து மாதிரி கொடுத்து, கணக்கை இனி நடத்துவது யார் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிள்ளை காலேஜில் சேரும் நேரத்தில் பணம் எடுக்க முடியாமல் அலைவது இதனால்தான்.

கணக்கைத் தொடங்கிவிட்டு அப்படியே போட்டுவிடவும் கூடாது. இரண்டு வருடத்துக்கு மேல் போடல் எடுக்கல் எதுவும் இல்லாவிட்டால் அது செயல்படாத கணக்கு ஆகிவிடும். பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடந்தால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் அலைச்சல்.

தபால் நிலையத்தையும் மறக்க வேண்டாம். அங்கேயும் 10 வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் கணக்கு வைக்கலாம். மாதம் 100 ரூபாயில் தொடர் வைப்பு தொடங்கலாம். ஐந்து வருடம் கட்டினால் அசல் மட்டும் 6,000 ரூபாய், வட்டி தனி.

10 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் 2015-ல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருடம் கட்ட வேண்டும், தொடங்கிய நாளிலிருந்து 21 வருடத்தில் முதிர்வு. மேற்படிப்புக்காக இடையிலேயே இருப்பில் பாதி வரை எடுக்கலாம். 18 வயது ஆனதும் கணக்கை அந்தப் பெண்ணே நடத்தலாம். நாம் சேர்க்கிறோம், ஆனால் பணம் அவளுடையது. இதை அவளிடமே சொல்லி வளருங்கள்.

இனி வரப்போகும் வசதிகள்

சில வசதிகள் வந்தே விட்டன. 2024 ஆகஸ்டில் 'யு.பி.ஐ. சர்க்கிள்' என்ற முறை அறிமுகமானது. நம் வங்கிக் கணக்கிலிருந்து வீட்டில் இன்னொருவர் அவருடைய போனில் பணம் கட்ட நாம் அனுமதி கொடுக்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், அவர் ஒவ்வொரு முறை கட்டும்போதும் நமக்குத் தகவல் வரும், நாம் சரி என்றால்தான் பணம் போகும். இன்னொன்றில், மாதத்துக்கு இவ்வளவு என்று நாம் வரம்பு வைத்துவிடலாம். அறிமுகமானபோது அதற்கு உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். நம் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் வங்கியிலும் செயலியிலும் இந்த வசதி இருக்கிறதா, பிள்ளையின் வயதுக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று டிஜிட்டல் ரூபாயைப் பொதுமக்களிடம் சோதனை முறையில் தொடங்கியது. குறிப்பிட்ட செலவுக்கு மட்டுமே பயன்படும்படி பணத்தைக் கட்டிவைக்கும் முறையும் அதில் சோதனையில் சேர்ந்தது. படிப்புச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் புத்தகம்தான் வாங்கலாம், வேறு எதுவும் வாங்க முடியாது என்கிற மாதிரி நாளைக்கு வரலாம். ரகசிய எண்ணுக்குப் பதில் முகத்தையோ விரல் ரேகையையோ காட்டிப் பணம் கட்டும் வசதியும் 2025-ல் வந்துவிட்டது.

வசதி கூடக் கூட, யோசிக்கிற நேரம் குறையும். பர்ஸைத் திறந்து, எண்ணி, கொடுப்பதற்குள் "இது வேணுமா?" என்று மனசு ஒரு முறை கேட்டது. முகத்தைக் காட்டினால் பணம் போய்விடும் காலத்தில் அந்தக் கேள்வியைப் பிள்ளையின் மனசுக்குள் நாம்தான் விதைக்க வேண்டும்.

18 வயதில் வரும் பணம், 18 வயதில் வரும் ஆபத்து

2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போன மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாயை நேராக அவர்கள் கணக்கில் போட்டது. 2024-ல் மாணவர்களுக்கு தமிழ்ப் புதல்வன் வந்தது. கல்வி உதவித்தொகை எல்லாம் இப்படி நேராகக் கணக்குக்கு வருவதுதான் இனி வழக்கம். அப்படியானால் முதல் பெரிய பணத்தைக் கையாளும் வயது 17, 18. அதே வயதில்தான் மூன்று ஆபத்துகளும் தேடி வருகின்றன.

ஒன்று: கணக்கை வாடகைக்குக் கேட்பது. "உன் கணக்குல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு கமிஷன் தர்றேன்" என்பார்கள். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு எல்லாம் கேட்பார்கள். வரும் பணம் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கும். போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்களைத்தான். சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டுப் படிப்பும் வேலையும் போய்விடும்.

இரண்டு: ஐந்து நிமிடக் கடன். 18 வயதுக்குள் போட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனால் 18 முடிந்ததும் போனிலேயே கடன் கிடைக்கும். நம் குழுவில் கடன் கேட்டால் எதற்கு, எப்படிக் கட்டுவாய் என்று பதினைந்து பேர் உட்கார்ந்து கேட்கிறோம், தீர்மானம் எழுதுகிறோம். போன் யாரையும் கேட்பதில்லை. தவணை தவறினால் அது பதிவாகி, நாளைக்கு வீட்டுக் கடன், தொழில் கடன் கேட்கும்போது குறுக்கே வந்து நிற்கும்.

மூன்று: பணம் வரும் என்று சொல்லி எண்ணைக் கேட்பது. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே வேண்டாம். எண்ணைப் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகப் போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைக்கும், வீட்டில் உள்ள தாத்தா பாட்டிக்கும் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை மடக்க வாய்ப்பு அதிகம். பிள்ளை ஏமாந்து வந்து சொன்னால் முதலில் திட்டாதீங்க. திட்டுக்குப் பயந்து மறைத்தால் அந்த நேரமும் போய்விடும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கணக்கு அவள் பெயரில் இருக்கும், கார்டும் எண்ணும் அண்ணனிடமோ அப்பாவிடமோ இருக்கும். பெயருக்கு மட்டும் கணக்கு இருந்து பிரயோஜனம் இல்லை. நம் பாஸ்புக்கை நாமே கையில் வைத்துக்கொள்ள எத்தனை வருடம் போராடினோம்! நம் மகள் அதையே மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வீட்டில் செய்ய வேண்டியவை

1. வாரம் 20 ரூபாயாவது பிள்ளையின் சொந்தப் பொறுப்பில் கொடுங்கள். வருடத்துக்கு 1,040 ரூபாய். செலவு செய்து தவறட்டும். 20 ரூபாயில் தவறிக் கற்றுக்கொண்டால், பின்னால் 20,000 ரூபாயில் தவறாது.

2. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கோடு போதும். போனில் கட்டியதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

3. மாதம் ஒரு நாள் வங்கிக் கணக்கை இருவரும் சேர்ந்து பாருங்கள். பிள்ளை போனைத் திறந்து காட்டட்டும், நீங்கள் ஒவ்வொரு வரியாக "இது எதுக்குப் போச்சு?" என்று கேளுங்கள்.

4. உங்கள் ரகசிய எண்ணை மாற்றி, இனி நீங்களே போட்டுப் பழகுங்கள். "அம்மா எனக்கே சொல்ல மாட்டேங்குறாங்க" என்று பிள்ளை கோபித்துக்கொண்டால் நல்லது. நாளைக்கு அதுவும் தன் எண்ணை யாருக்கும் சொல்லாது.

5. குழுவுக்குச் சந்தா கட்டப் போகும்போது ஒரு தடவையாவது பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கடன் கேட்பதையும், கேள்வி கேட்பதையும், தீர்மானம் எழுதுவதையும் பார்க்கட்டும்.

கூட்டமைப்பாக என்ன செய்யலாம்?

டெல்லியில் பட்டர்ஃப்ளைஸ் என்ற தொண்டு நிறுவனம் தெருவில் வாழும், வேலை செய்யும் பிள்ளைகளுக்காக 2001-ல் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கியது. கணக்கு வைத்திருப்பதும் பிள்ளைகள், மேனேஜர்களும் அவர்களிலிருந்து அவர்களே தேர்ந்தெடுத்த பிள்ளைகள். வீடே இல்லாத பிள்ளைகளுக்கு அது முடிந்தது என்றால் நம்ம பிள்ளைகளுக்கு முடியாதா? ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து, ஒரு அம்மாவை வழிகாட்டியாக வைத்து, வாரம் பத்து ரூபாய் சேமிக்கத் தொடங்கலாம். நோட்டு எழுதுவதை மாதம் ஒருவர் என்று முறை வைக்கலாம். பணத்தை வீட்டில் வைக்காமல், அவரவர் பெயரில் உள்ள கணக்கில் போட்டுவிட வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இந்த மூன்று கேள்விகளைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்:

* நம் உறுப்பினர்களின் 10 வயது முடிந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொந்தக் கணக்கு இருக்கிறது?
* 18 வயது முடிந்த பிள்ளைகளின் கணக்கில் புதுக் கையெழுத்துக் கொடுத்தாயிற்றா?
* நம்மில் எத்தனை பேர் தங்கள் போனில் இருப்பைத் தாங்களே பார்க்கிறோம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயக்கமாக இருந்தால், இன்று சாயங்காலமே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்லிக்கொடு கண்ணு" என்று கேளுங்க. அது சொல்லிக்கொடுத்து முடித்ததும், உங்கள் சந்தா பாஸ்புக்கை எடுத்து அதன் கையில் கொடுங்க.