உடலின் எடையும் உள்ளத்தின் பாரமும்

அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா முடிந்த மாலை, தாய் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். “சுவாமி! தவக்காலம் முழுவதும் ஒருசந்தி இருந்தேன். ஐந்து கிலோ குறைந்தது. இப்போது அத்தனையும் திரும்பிவிட்டது. போசனப்பிரியம் என்னும் பாவத்தில் விழுந்துவிட்டேனோ?” என்று கண் கலங்கினார்.

அன்பர்களே! இக்கலக்கம் அவர் ஒருவருடையது மட்டுமன்று. ஆதலால் உண்மை யாதெனக் காண்போம்.

நம் உடல் தன் எடையை ஒரு குறிப்பிட்ட அளவிலேயே காத்துக்கொள்ள முயல்கிறது என்பது அறிவியலார் பலரின் கருத்து. அதற்குத் தூதுவர்களாக அமைந்தவை ஹார்மோன்கள். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின், “சேமிப்பு போதும்” என மூளைக்கு அறிவிக்கிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் இதனை 1994ஆம் ஆண்டு கண்டறிந்தனர். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுகிறது. இது 1999ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர்களால் அறியப்பட்டது.

உணவைக் குறைத்து எடை இறங்கும்போது லெப்டின் தாழ்கிறது, கிரெலின் உயர்கிறது. பஞ்சம் வந்துவிட்டது போல உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. மெல்பர்ன் நகரில் நடைபெற்று 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பருமனானோர் பத்து வாரம் மிகக் குறைவாக உண்டு மெலிந்தனர். ஓராண்டு சென்ற பின்னும் அவர்களுடைய ஹார்மோன்கள் பழைய நிலையை அடையவில்லை, பசியும் அடங்கவில்லை.

போசனப்பிரியம் என்பது மனம் இசைந்து அளவு மீறுவதாகும். உடல் எழுப்பும் பசிக்குரல் பாவமன்று. எனவே, பருத்தவரை “வாயைக் கட்டத் தெரியாதவர்” என நகைப்பது பிறரன்புக்கு மாறானது.

ஆயினும் முயற்சி வீண் என்று சோர்தல் ஆகாது. பருமனானோர்க்கு எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீர்படத் தொடங்கும். நாற்பது நாள் பட்டினியைவிட, ஆண்டு முழுவதும் கைக்கொள்ளத்தக்க அளவான உணவும், நாள்தோறும் நடையும், போதிய உறக்கமும் நலம் தரும். காரணம் தெரியாமல் எடை ஏறுமாயின், தைராய்டு சுரப்பியின் குறையா என மருத்துவரிடம் கேட்டறிக.

இவற்றையெல்லாம் விளக்கியபின் அத்தாயிடம், “ஒருசந்தி நாள்களில் மிச்சமான உணவை என்ன செய்தீர்கள், அம்மா?” என்று வினவினேன்.

“பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் பாட்டிக்குக் கொடுத்தேன், சுவாமி. இன்றும் கொடுத்துவருகிறேன்.”

“அப்படியாயின் உங்கள் தவம் வீணாகவில்லை. ஆண்டவர் தராசு வைத்து நம் எடையைப் பார்ப்பதில்லை” என்றேன். முகம் மலர்ந்து சென்றார்.