உஷார்! பச்சை விளக்கை நம்பாதீங்க

சொந்தமா தளம் நடத்துற தம்பி, தங்கைகளே, ஒரு நிமிஷம் நில்லுங்க. லோடு பேலன்சர் திரையில எல்லா சர்வரும் பச்சையா இருக்கா? அந்தத் தைரியத்துலதான் தூங்கப் போறீங்களா? வேண்டாம்!

காணும் பொங்கல் அன்னிக்கு பிச்சாவரம் படகுத்துறையில கால் வைக்க இடம் இருக்காது. அப்படி ஒரு நாள்லதான் சிதம்பரத்துத் தம்பி ஒருத்தர் மாட்டிக்கிட்டார். கிள்ளைப் பக்கம் அறை முன்பதிவு செய்ற தளம், ரெண்டு சர்வர். ஒண்ணுல டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துபோச்சு. ஆனா லோடு பேலன்சர் சோதிச்சது போர்ட் திறந்திருக்கான்னு மட்டும்தான். திறந்துதான் இருந்தது. பச்சை! பாதிப் பேரை அந்த சர்வருக்கே அனுப்பிக்கிட்டிருந்தது. ஒரு அப்பாவுக்கு அறை கிடைச்சது. பக்கத்துலயே நின்ன மகளுக்குப் பணம் போச்சு, ரசீது வரலை.

கரையில கட்டின படகு மிதக்கத்தான் செய்யும். ஆள் ஏறினாத்தானே ஓட்டை தெரியும்?

பெரிய இடமும் தப்பலை. 2025 அக்டோபர் 20, நம்ம தீபாவளி நாள். அமேசானோட வடக்கு வர்ஜீனியா மையத்துல முதல்ல டிஎன்எஸ் கோளாறு. பின்னாடியே நெட்வொர்க் லோடு பேலன்சர் சோதனையும் தடுமாறிச்சு. நெட்வொர்க் அமைப்பு முழுசா வந்து சேராத புது சர்வர்களைச் சோதிச்சு, ஒரு தடவை பழுதுன்னது, அடுத்த தடவை நல்லாயிருக்குன்னது. நல்லா ஓடினதையும் விலக்கி, திரும்பச் சேர்த்தது. கடைசியில, நம்ம நேரம் ராத்திரி 10:06-க்கு, தானா விலக்குற வசதியையே பொறியாளர்கள் கையால நிறுத்தினாங்க.

இதெல்லாம் அபாய அறிகுறி:

- சிலருக்குத் தளம் திறக்குது, சிலருக்குத் திறக்கலை.
- திரை பச்சை, போன்ல புகார் மேல புகார்.
- ஒரே சர்வர் வரிசையில சேருது, விலகுது, மறுபடி சேருது.
- எல்லாமே சிவப்பு, ஆனாலும் ஆட்கள் உள்ளே போறாங்க. எல்லாம் பழுதுன்னா, அமேசான் நெட்வொர்க் லோடு பேலன்சர் எல்லா சர்வருக்கும் அனுப்பிடும்!

30 விநாடிக்கு ஒரு சோதனை, ரெண்டு தடவை தோத்தா விலக்கு, இப்படி வெச்சிருந்தா கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் செத்த சர்வருக்கு ஆள் போகும். விடுமுறை நாள்ல ஒரு நிமிஷம்னா எத்தனை குடும்பம்!

போர்ட்டை மட்டும் தட்டிப் பார்க்காதீங்க. வாடிக்கையாளர் செய்ற வேலையை அந்த சர்வரால செய்ய முடியுதான்னு கேக்குற சோதனைப் பக்கம் வைங்க. இன்னிக்கே சோதனைத் தளத்துல ஒரு சர்வரோட டேட்டாபேஸ் இணைப்பை நீங்களே துண்டிச்சுப் பாருங்க. பச்சை மாறலையா? அடுத்த விடுமுறைக் கூட்டம் வர்றதுக்குள்ள சரி பண்ணிடுங்க, கண்ணுங்களா.