மட்கும் கட்டையில் வெளிர்பாசி
ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடம்

பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீளும் காட்டுப்பள்ளியில் உப்புக்காற்று ஓய்வதில்லை. இலைவழியே நீரை உறிஞ்சும் பாசியை உப்பு எளிதில் வாட்டும். எனவே நிழலில் மட்கும் பனை, தென்னைக் கட்டைகளிலேயே அதைத் தேட வேண்டும். தென்னிந்தியாவில் அத்தகைய மரங்களில் வெண்பச்சை மெத்தையாக வளர்வது இந்த இனம். காய்ந்தால் எந்தப் பாசியும் வெளுக்காதா என்று கேட்கலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை நனைந்ததும் நன்கு பச்சையாகும். இது வெளிறியே இருக்கும். இலையின் பச்சைச் செல்களை இருபுறமும் நிறமற்ற வெற்றுச் செல்கள் மூடியிருப்பதே காரணம்.

லியூகோபிரியம் பாசியும் இப்படித்தான் வெளிறியிருக்கும் என்பது வலுவான மறுப்பு. அதனால் நிறம் முதல் தடயம் மட்டுமே. தீர்ப்பு வித்துப்பையில் இருக்கிறது. மூடி கழன்ற பையின் வாயில் லியூகோபிரியத்துக்கு 16 பற்கள், இதற்கு 8 மட்டுமே. பாசியைப் பெயர்க்காமல், கை லென்ஸ் வைத்து எண்ணிப் பாருங்கள்.